கடைசிப் பக்கத்தை லிசினெட் எழுதவில்லை

லிசினெட்டுக்கு ஒன்பது வயது நடந்தபோது, அவளுடைய அப்பா ஜோனிக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் சொன்னார்கள். ஜோனி என்றால் தெற்கே தங்கச் சுரங்கங்கள் இருக்கிற ஜோகன்னஸ்பர்க். மலாவி ஏரிக்கரை ஊர்களிலிருந்து ஆண்கள் அங்கே போவதும், சில வருஷங்கள் கழித்துத் தகரப் பெட்டியும் ரேடியோவும் கம்பளியுமாகத் திரும்பி வருவதும் வழக்கம்தான். அதனால் அவள் சந்தேகப்படவில்லை. நிலக்கடலை உரிக்க ஆள் வேண்டும் என்று அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அப்பாவின் பாய் இல்லை, சட்டைகள் இல்லை, சைக்கிள் இல்லை. அம்மாவின் தலை மொட்டையாக இருந்தது. பேன் தொல்லை என்று சொன்னார்கள்.

அவள் சாலைக்குப் போய் பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தொடங்கினாள். சாலிமாவிலிருந்து வரும் பஸ் ஊர் முனையில் நிற்கும். தகரப் பெட்டியோடு யார் இறங்கினாலும் ஓடிப்போய், அங்கே என் அப்பா கம்வெண்டோவைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். எல்லாரும் நல்லவர்கள். யாரும் அவளை விரட்டவில்லை. சிலர் தலையைத் தடவி, பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்றார்கள். ஒருவர் இன்னும் கொஞ்சம் தாராளமாக, உங்கப்பா குண்டாகிவிட்டார், அடையாளமே தெரியவில்லை என்றுகூடச் சொன்னார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் ஒரு மழைக்காலம் முழுவதும் சந்தோஷமாக இருந்தாள்.

உண்மை அவளுக்கு அடிகுழாயடியில் தெரிந்தது. வாளியை யார் முதலில் வைத்தது என்ற சண்டையில், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள்.

"உங்கப்பன் ஜோனியிலயா இருக்கான்? இடுகாட்டு மரத்துக்குக் கீழ மண்ணுக்குள்ள இருக்கான். ஊருக்கே தெரியும், உனக்குத்தான் தெரியாது."

அவள் வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா உரலில் சோளம் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நிற்கவில்லை. குத்தி முடித்து, புடைத்து, தவிட்டைக் கோழிக்குப் போட்ட பிறகுதான் பேசினாள்.

"சின்னப் பிள்ளைகிட்ட அதை எப்படிடி சொல்றது?" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

லிசினெட் படித்து ஆசிரியை ஆனாள். நகொத்தகோத்தாவுக்குத் தெற்கே, ஏரிக்கரை ஊர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. உலர்ந்த உசிப்பா மீனை மூட்டைபோட்டுச் சந்தைகளுக்கு அனுப்பும் ஹாரிசனைக் கல்யாணம் செய்துகொண்டாள். உசிப்பா என்பது நெத்திலி மாதிரி பொடிமீன். அந்த வாடை அவர்கள் வீட்டுச் சுவரிலேயே ஏறியிருந்தது. பிள்ளைகள் பிறக்கவில்லை. அதைப் பற்றி ஊர் பேசியது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களில் அந்த நோய் வந்தது. யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. காசம் என்பார்கள், மலேரியா என்பார்கள், செய்வினை என்பார்கள். சாவு வீடு இருக்கிறது, வண்டியை மெதுவாக ஓட்டு என்று சொல்வதற்காக அந்த ஊர்களில் சாலையின் குறுக்கே தழைக் கிளைகளைப் போட்டுவைப்பார்கள். அந்த வருஷங்களில் ஒரு வீட்டுக் கிளை காய்வதற்குள் அடுத்த வீட்டுக் கிளை விழுந்தது. பள்ளிக்கு நடந்துபோகும் வழியில் அவள் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போவாள்.

வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக மாறினார்கள். நேற்றுவரை சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்த பையன் இன்றைக்கு அப்படியே வருவான். கேட்டால், அம்மா லிலோங்வேக்குப் போயிருக்காங்க என்பான். இன்னொருத்தி, அப்பா தூங்குறாங்க, எழுப்பக்கூடாதாம் என்பாள். குழந்தையிடம் பொய் சொல்வதில்லை என்று லிசினெட் அடிகுழாயடியிலிருந்து வந்த அன்றே மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். ஆனால் அடுத்த வீட்டுக் குழந்தையிடம் உண்மையைச் சொல்ல அவள் யார்?

அதனால்தான் கதையாகச் சொன்னாள். ஒரு சிறுமியின் அம்மா இறந்துவிடுகிறாள். சிறுமி இடுகாட்டுக்குப் போய் ஒவ்வொரு மரமாகத் தொட்டு, என் அம்மாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கிறாள். ஒரு மரம், அவளுக்கு இப்போது வலி இல்லை என்கிறது. ஒரு மரம், அவளுக்குக் குளிராது என்கிறது. இன்னொன்று, உனக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும் என்று கையை விரிக்கிறது. கடைசியில், பானைபோல் அடிபருத்து நடுவே பொந்து விழுந்த கிழட்டுப் பெருக்கமரம் இருக்கிறதே, அது சொல்கிறது: அவள் வரமாட்டாள் மகளே. நீ வீட்டுக்குப் போ, அடுப்பு அணைந்துவிடும். சிறுமி அழுதுகொண்டே வீட்டுக்குப் போகிறாள். தீ மூட்டுகிறாள். முதன்முதலாகத் தானே சோளக்களி கிண்டுகிறாள். கட்டி கட்டியாக வருகிறது. தங்கையும் அவளும் அதையே சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

முதல்நாள் சொல்லி முடித்தபோது ஒருவன் கேட்டான், அங்கே இருக்கிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று. தனக்குத் தெரியாது, போய்ப் பார்த்துவிட்டு வந்து யாரும் சொன்னதில்லை என்றாள் லிசினெட். பாதிரியாருக்குத் தெரியும் என்று ஒருத்தி சொன்னாள். பாதிரியார் எப்போது போனார் என்று இன்னொருத்தி திருப்பிக் கேட்க, வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் பின்வரிசையில் ஒரு குழந்தை கேட்டது:

"அங்கயும் ஊசி போடுவாங்களா மேடம்?"

"போடமாட்டாங்க. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்," என்றாள் லிசினெட்.

அந்த வாரம் முழுவதும் அதே கதையைக் கேட்டார்கள். களி கட்டியாகும் இடத்தில் பிள்ளைகள் தங்கள் களியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதுதான் யார் யார் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளையின் அப்பா வந்து தலைமை ஆசிரியரிடம் முறையிட்டார். பிள்ளைகளிடம் இடுகாட்டைப் பேசினால் சாவை வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகும் என்றார். தலைமை ஆசிரியர் அவளை அழைத்து, கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, என் பேத்தி அந்தக் கதையை வீட்டில் சொன்னாள், நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரத்தில் ஒரு புத்தகத் திட்டம், ஆசிரியர்களிடமிருந்து குழந்தைக் கதைகள் கேட்டு அறிவித்தது. ஹாரிசன்தான் விடாமல் தொந்தரவு செய்தான். அவள் கதையை எழுதி அனுப்பினாள். பல மாதம் பேச்சுமூச்சு இல்லை. பிறகு, உங்கள் கதை அச்சாகிவிட்டது, வந்து பிரதிகளைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்தது.

லிலோங்வேயில் அந்த அலுவலகத்தில் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மேலே கிடந்த ஒரு பிரதியை எடுத்தாள். அட்டையில் அவளுடைய முழுப் பெயர். விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நின்றபடியே வாசித்தாள். மரங்கள் சரியாக இருந்தன. வலி இல்லை, குளிர் இல்லை, எல்லாம் அவள் எழுதியபடி. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பெருக்கமரத்தின் பொந்து கதவுபோலத் திறக்கிறது. நீலத் துணி கட்டிய அம்மா வெளியே வருகிறாள். 'நீ தேடி வருவாய் என்று எனக்குத் தெரியும்' என்கிறாள். இருவரும் கைகோத்து வீட்டுக்குப் போகிறார்கள். மேலே சூரியனுக்குக் கண்ணும் வாயும் வைத்து ஒரு படம்.

பொறுப்பாளர் சவூலா நல்ல மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்தார். லிசினெட் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதை நான் எழுதல சார்."

"தெரியும். அது நான் எழுதினது. குழுவுல எல்லாரும் உங்க கதையை வாசிச்சோம் மேடம். ரெண்டு பேர் எழுந்து வெளியே போய் அழுதாங்க. அழவைக்கிற புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப விடமாட்டாங்க."

"அழட்டுமே சார். அழவேண்டிய விஷயம்தானே?"

சவூலா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் போயிட்டாங்க. மூணு பிள்ளைங்களும் என் வீட்லதான் இருக்கு. ராத்திரி அதுங்க பக்கத்துல உக்காந்து நான் எந்தப் பக்கத்தை வாசிக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

டீ ஆறிப்போயிற்று. புத்தகங்கள் அச்சாகி முடிந்திருந்தன. கட்டிக் கொடுத்த பிரதிகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் பையைத் திறந்து திறந்து தன் பெயரைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள்.

ஹாரிசன் ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, படகுத்துறையில் எல்லாரிடமும் காட்டினான். "என் பொண்டாட்டி செத்தவங்களையே எழுப்புறா. காலையில என்னை எழுப்பத்தான் அவளால முடியல," என்று சொல்லிச் சிரிக்கவைத்தான். பள்ளிக்கும் ஒரு பெட்டி வந்தது. பிள்ளைகள் அடித்துப்பிடித்து வாசித்தார்கள். மேடம் சொன்ன கதையைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் தியேசே. அவள் லிசினெட்டின் பக்கத்து வீட்டுக்காரி ஃபொஸ்தினாவின் மகள். முன்பல் ரெண்டும் விழுந்து ஒன்றுதான் முளைத்திருந்தது. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பாள். கேள்விக்குப் பதில் சரியில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஃபொஸ்தினா பள்ளி வாசலில் மாவுருண்டை பொரித்து விற்பாள். புருஷன் எப்போதோ வேறொருத்தியோடு எல்லை தாண்டிப் போய்விட்டான். அவன் பெயரைச் சொன்னால் ஃபொஸ்தினா எண்ணெய்ச் சட்டியில் தண்ணீரைத் தெளித்துக் காட்டுவாள், என் கோபம் இப்படி என்று.

அந்த வருஷக் கோடையில் ஃபொஸ்தினாவின் ரவிக்கை தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. முதலில் ஊக்கு குத்திக்கொண்டாள். பிறகு சட்டியைத் தூக்க முடியவில்லை. பிறகு வாசலில் அவளுடைய இடம் காலியாக இருந்தது. லிசினெட் தினமும் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினாள். ஒருநாள் மத்தியானம், தியேசே ஆடு ஓட்டப் போயிருந்த நேரம் பார்த்து ஃபொஸ்தினா பேசினாள்.

"அக்கா, அவகிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்கு வாய் வரமாட்டேங்குது."

"என்னன்னு சொல்லட்டும்?"

"புத்தகத்துல இருக்கிற மாதிரி வேண்டாம். அதுக்கு முன்னாடி வகுப்புல சொன்னீங்களே, அந்த மாதிரி. நான் ஜன்னலுக்கு வெளியில சட்டியைக் கிண்டிக்கிட்டே கேட்டேன். களி கட்டியானாலும் சாப்பிடுதே அந்தப் பிள்ளை, அது எனக்குப் பிடிச்சது."

லிசினெட் சொல்கிறேன் என்றாள். சொல்லத்தான் நினைத்தாள். மறுநாள் தியேசேயைத் துணி துவைக்க ஏரிக்கு அழைத்துப் போனாள். அந்தப் பெண், தங்கள் ஆடு சர்ச் மேஜை விரிப்பைத் தின்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரிப்பின் நடுவில் எங்கே வெட்டுவது? வீட்டுக்கு வருகிற வழியில் சொல்லலாம் என்று தள்ளினாள். வழியில் யாரோ கூட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஃபொஸ்தினா எழுந்து உட்கார்ந்து மீன் கேட்டுச் சாப்பிட்டாள். நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். அந்த வாரத்திலேயே ஒரு காலை, வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். அவர் யாரையும் கூப்பிடவில்லை. தியேசே இருந்த பக்கம் மட்டும் பார்த்தார்.

சாவு வீட்டில் பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். ஆண்கள் வெளியே மரக்கட்டைத் தீயைச் சுற்றி இருந்தார்கள். தியேசே அழவில்லை. தட்டுகளைக் கழுவினாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். என்ன நெஞ்சழுத்தம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாவம், புரியவில்லை என்று சிலர் சொன்னார்கள். லிசினெட் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டபோது, அந்தப் பெண் அவள் காதில் மெதுவாக, ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள்: "கவலைப்படாதீங்க மேடம். எனக்கு எப்படின்னு தெரியும்."

லிசினெட் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் தியேசே மத்தியான வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். குழி வெட்டும் ஆட்கள்தான் அவளை இடுகாட்டில் பார்த்தார்கள். அங்கே மரம் வெட்டுவதில்லை, சுள்ளி பொறுக்குவதில்லை, பிள்ளைகள் அந்த நிழலில்கூட நிற்பதில்லை. இந்தப் பெண் ஒவ்வொரு மரமாகக் கையை வைத்து, காதை வைத்து நின்றுகொண்டிருந்தாள். இலையில் களியும் கொஞ்சம் மீனும் வைத்திருந்தாள். ஊர்த்தலைவர் லிசினெட்டைக் கூப்பிட்டனுப்பினார். திண்ணமான குரலில், ஆனால் மரியாதையோடு, இது உங்கள் புத்தகத்தால் வந்தது, நீங்களே சரிசெய்யுங்கள் என்றார். கூட இருந்தவர்கள் அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை. பிள்ளை பெறாதவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடுகாட்டு வழி காட்டுகிறாள் என்று ஒரு பெண் அவள் காதில் விழும்படியே சொன்னாள்.

லிசினெட் போனாள். வெயில் சாய்ந்து மரங்களுக்குள் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. தியேசே பெருக்கமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். லிசினெட் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அம்மா வரமாட்டாங்க கண்ணு. செத்துப்போனவங்க திரும்பி வரமாட்டாங்க. கடைசிப் பக்கத்தை நான் எழுதல. ஆபீஸ்ல வேற ஒருத்தர் எழுதினது."

தியேசே யோசித்தாள். "ஆனா உங்க பேருதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்போ பொய்யின்னு தெரிஞ்சும் ஏன் எங்களுக்குக் குடுத்தீங்க?"

லிசினெட் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஜோனி என்று சொன்னது, பஸ், தகரப் பெட்டிகள், குண்டாகிவிட்டார் என்று சொன்ன மனிதர், எல்லாம். யாரிடமும், ஹாரிசனிடம்கூட, அவள் அதை முழுசாகச் சொன்னதில்லை. காத்திருந்து காத்திருந்து ஏமாந்தவள் நான், நீ ஏமாறக்கூடாது என்றாள். தியேசே கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, லிசினெட்டின் முழங்கையில் கை வைத்தாள்.

"நீங்க பஸ் நிக்கிற இடத்துலதானே நின்னீங்க மேடம்? இங்க வந்து தேடவே இல்லையே. அதான் அவர் வரல."

காற்றில்லை. மரத்தின் பொந்துக்குள் எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. தியேசே எழுந்து இலையில் இருந்த களியை ஒழுங்குபடுத்திவைத்துவிட்டு, போகலாம் என்று லிசினெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வரும்வரை அந்தப் பெண்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச காலம் தியேசே அவர்கள் வீட்டிலேயே இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், கணக்குப் போட்டாள், ஹாரிசனுக்கு மீன் மூட்டை தைக்க உதவினாள். அவன் அவளிடம் தோற்பதற்காகவே பல்லாங்குழி மாதிரி ஒரு குழிப்பலகை ஆட்டம் ஆடினான். ஆனால் மத்தியானம் வந்தால் காணாமல் போவாள். ஹாரிசன் கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான். கடைசியில் தானும் பின்னாலேயே போய் இடுகாட்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். "என்ன செய்ய, கூட்டிட்டு வரத்தான் முடியல. தனியாவாவது இருக்கவேண்டாம்," என்று லிசினெட்டிடம் சொன்னான். மழை பிடித்தது. ஃபொஸ்தினாவின் மண்மேடு ஒரு பக்கம் உள்வாங்கியது. அம்மா புரண்டு படுத்திருக்கிறாள் என்று தியேசே சந்தோஷமாக ஓடிவந்து சொன்னாள். அன்று நனைந்ததில் காய்ச்சல் கண்டு, சுகாதார நிலையத்தில் கிடந்து பிழைத்தாள்.

காய்ச்சல் செய்தி கேட்டுத்தான் தாய்மாமன் வந்தார். லைட்வெல் என்று பெயர். கசூங்குப் பக்கம் புகையிலைப் பண்ணையில் வேலை. அந்த ஊர் முறைப்படி அக்கா பிள்ளைக்குப் பொறுப்பு அவர்தான். லிசினெட் ஊர்த்தலைவர் முன்னால், பிள்ளையை எங்களிடமே விடுங்கள் என்று கேட்டாள். ஹாரிசனும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். லைட்வெல் சத்தம் போடவில்லை.

"டீச்சரம்மா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. எங்கக்காவுக்குக் கஞ்சி ஊட்டினவங்க நீங்க. ஆனா இவ இங்க இருக்கிறவரைக்கும் அந்த மரங்களை விட்டு வரமாட்டா. நீங்களே சொல்லுங்க, வருவாளா?"

வரமாட்டாள் என்று லிசினெட்டுக்குத் தெரியும். அத்தோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை சாலையோரத்தில் பிக்கப் வண்டி நின்றது. சோள மூட்டைகளுக்கு மேல் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தியேசே வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாமன் விரல் விரலாகப் பிரித்தெடுத்துத் தூக்கினார். உதைத்தாள், கடித்தாள். அம்மா செத்த அன்று அழாதவள் அன்றைக்கு ஊரே கேட்க அழுதாள். மூட்டைமேல் உட்காரவைத்த பிறகு சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, லிசினெட்டைக் கிட்டே வரச் சொன்னாள். லிசினெட் டயரில் ஏறி முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அம்மா வெளியே வந்தா வீட்ல யாரும் இருக்கமாட்டாங்க. நான் கசூங்குல மாமா வீட்ல இருக்கேன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க."

டிரைவர் என்ஜினைக் கிளப்பியிருந்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுகாட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து சொல்லியும் ஏறாத உண்மையை இந்த ஒரு நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் மூட்டைமேலிருந்து குதித்துவிடும்.

"சொல்றேன்," என்றாள் லிசினெட்.

"சத்தியமா?"

"சத்தியமா சொல்றேன்."

வண்டி போய்விட்டது. ஹாரிசன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான்.

பிறகு லிசினெட் பள்ளியிலிருந்த பிரதிகளிலெல்லாம் கடைசிப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டினாள். பிள்ளைகள் அதற்குள் என்னவோ இருக்கிறது என்று ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தார்கள். முன்பு படிக்காதவர்கள்கூடப் படித்தார்கள். கிழித்துவிடலாம் என்று பார்த்தாள். அதற்குள் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் ஒருவர், மாவட்டத்திலேயே அதிகம் நைந்துபோன புத்தகம் உங்களுடையதுதான் என்று கூட்டத்தில் பாராட்டிக் கைகுலுக்கிவிட்டுப் போனார். சவூலா இன்னொரு கதை கேட்டுச் சொல்லியனுப்பினார். அவள் உட்கார்ந்து பார்த்தாள். எதை எழுதினாலும் யாரோ ஒரு குழந்தை அதை நம்பும் என்ற நினைப்பு வந்து கை நின்றுவிடும். அதோடு எழுதவில்லை. வகுப்பில் கதை சொல்லச் சொன்னால் முயல் கதை சொன்னாள்.

ஒருமுறை இடுகாட்டுக்குப் போனாள். சத்தியம் செய்தோமே, ஃபொஸ்தினாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது வரலாம் என்று. மேட்டின் முன்னால் நின்றபோது வாய் வரவில்லை. புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தாள்.

ஐந்தாறு வருஷம் ஓடியது. ஊருக்குள் அந்த நோய்க்கு மாத்திரைகள் வந்தன. சாலையில் கிளைகள் குறைந்தன. ஒரு சந்தை நாளில், ஹாரிசனின் உசிப்பா மூட்டைகளை ஏற்ற வந்த டிரைவர் ஒருவன் கசூங்குப் பக்கமும் ஓட்டுபவன் என்று தெரிந்தது. லைட்வெல் வீடும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண் நன்றாக வளர்ந்துவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள், மாமன் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்றான். ஏரிக்கரைக்கு மீன் ஏற்றப் போகிறேன் என்று சொன்னதும் வண்டிவரை ஓடிவந்தாளாம்.

"டீச்சரம்மாகிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா," என்றான் அவன், கயிற்றை இறுக்கிக்கொண்டே. "யாராவது வந்தாங்களான்னு கேக்கச் சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. யாரு வரணும்னு நானும் கேட்டேன், உங்களுக்குத் தெரியும்னு சொன்னா."

லிசினெட் வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தியேசேவுக்கு இப்போது பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். அந்த வயதில் எல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே கேட்கிறாளா, இன்னும் தெரியாமல் கேட்கிறாளா? அவளுடைய முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். முகம் நினைவில் வரவில்லை. ஒற்றை முன்பல்தான் வந்தது.

"என்ன சொல்லட்டும் டீச்சரம்மா? நேரமாகுது."

"இன்னும் வரலன்னு சொல்லுப்பா," என்றாள்.

'இன்னும்' என்ற சொல்லை எப்படிச் சேர்த்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. திருத்துவதற்காக வாயைத் திறந்தாள். டிரைவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டான். ஹாரிசன் கடைசி மூட்டையைத் தள்ளிவிட்டு வண்டியின் பின்பலகையைக் கையால் தட்டினான், போகலாம் என்று.